ஹாலில் ஒரே ஒரு ஆணி

— இது போட்டோவே இல்ல. முதல்ல அதைப் புரிஞ்சுக்கோ. இதை அந்த ஆணியில மாட்ட நான் விடமாட்டேன்.

— போட்டோ இல்லேன்னா? காலண்டரா?

— இங்க பாரு, கிண்டல் வேண்டாம். இதை எப்படிப் பண்ணினே, இன்னொரு தடவை சொல்லு.

— எத்தனை தடவைதான் சொல்றது? மாடி வீட்டுப் பொண்ணு ஃபோன்ல ஏதோ ஒண்ணு போட்டுக் குடுத்தா. நம்ம பையனோட பழைய காலேஜ் அடையாள அட்டைப் படத்த உள்ள குடுத்தோம். இப்ப முப்பத்தொரு வயசு ஆகுது, எப்படி இருப்பான்னு கேட்டோம். மெஷின் பண்ணிக் குடுத்துது. கடையில பிரிண்ட் போட்டு, சட்டம் அடிச்சு எடுத்துட்டு வந்தேன். அவ்வளவுதான் நான் பண்ணின கொலைக்குத்தம்.

— ஒரு போட்டோகிராஃபி வாத்தியார் பொண்டாட்டி செய்யற காரியமா இது? டாக்டர் பொண்டாட்டி மந்திரிக்கப் போன மாதிரி இருக்கு.

— டாக்டர் ஒழுங்கா வைத்தியம் பார்த்திருந்தா அவ ஏன் மந்திரிக்கப் போறா?

— நாளைக்கு எனக்குக் கடைசி கிளாஸ். ரெண்டு மணி நேரம் பேசணும். ‘புகைப்படம்: நேற்று, இன்று, நாளை.’ பேப்பரையெல்லாம் மேஜை மேல பரப்பி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதை எடுத்துட்டு வர்றதுக்கு உனக்கு இன்னிக்குத்தானா கிடைச்சுது?

— இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வீட்ல இருக்கீங்க. நாளன்னிக்குலேருந்து தினமும்தான் இருக்கப் போறீங்க. நான் கேக்கறது சின்ன விஷயம். அந்தச் சுவத்துல இருக்கற படத்தக் கழட்டணும், இதை மாட்டணும். மத்த மூணு சுவத்துலயும் ஆணி அடிச்சா பொலபொலன்னு கொட்டுது. ஹால்ல இருக்கறது ஒரே ஒரு ஆணி.

— அது என்ன படம்னு தெரிஞ்சுதான் பேசறியா?

— தெரியாம என்ன? இருபத்தஞ்சு வருஷமா அதுக்குத் தூசி துடைக்கறவ நான்.

— அந்த வருஷம் எடுத்ததுலயே சிறந்த படம்னு பரிசு வாங்கின படம். பாடப் புத்தகத்து அட்டையில வந்த படம். ஊரு பேரு தெரியாதவங்கல்லாம் எனக்கு லெட்டர் போட்டாங்க.

— ஆறு வயசுப் பையன் பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சுபோய்த் தூணு பக்கத்துல நின்னு அழற படம். உங்களுக்கு அது படம், எனக்கு அது பையன். தினமும் காலையில ரூம் கதவைத் திறந்தா எதிர்ல அவன் அழறான். நான் பல்லுகூட விளக்கியிருக்க மாட்டேன், அவன் அழறான். எனக்கு அவன் சிரிக்கறதைப் பார்க்கணும். அவ்வளவுதான்.

— அதுக்காகப் பொய்ச் சிரிப்பா?

— எது பொய்? எங்க பொய்? காட்டுங்களேன். உங்க பூதக்கண்ணாடிய எடுங்க. ஜன்னல் பக்கம் உட்காருங்க. எங்கெங்க பொய்யோ ஒவ்வொண்ணா காட்டுங்க. காட்டிட்டா நான் வாயை மூடிக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போயிடறேன்.

— பத்து நிமிஷம் போதும் எனக்கு.

— அவசரம் இல்ல. நிதானமா பாருங்க. டீ போடட்டுமா?

— போடு. சர்க்கரை கம்மியா. அந்தத் திரையை முழுசா விலக்கிட்டுப் போ, கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியுது.

— நல்லா பாருங்க, நீங்களும் அவனும் ஒரே அச்சு.

— ம். முதல்ல கண்ணு. வா, வந்து பாரு. டீ கிடக்கட்டும். கண்ணுக்குள்ள வெளிச்சப் புள்ளி தெரியுதா? இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ரெண்டு பக்கத்துலேருந்தும் வெளிச்சம் வருதாம். ஒரு சாதாரண ரூம்ல அப்படி வராது. மெஷினுக்கு சூரியன் எங்க இருக்குன்னு தெரியாது, பாவம். அது வெளிச்சத்தப் பார்த்ததே இல்ல.

— ஏங்க, உலகத்துலயே முதல் போட்டோன்னு ஒண்ணு சொல்வீங்களே. ஜன்னல்லேருந்து எடுத்தது. கூரையும் சுவருமா இருக்கும்.

— ஆமா, அதுக்கென்ன?

— அதுல ரெண்டு பக்கச் சுவத்துலயும் வெயில் அடிக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? எட்டு மணி நேரம் திறந்து வச்சிருந்ததால சூரியன் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிடுச்சுன்னு. அப்ப அதுவும் பொய்யா?

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— முப்பத்திரண்டு வருஷமா கிளாஸுக்கு முந்தின நாள் ஹால்ல நடந்துக்கிட்டே ஒப்பிப்பீங்க. நான் உள்ள காய் நறுக்குவேன். பரிட்சை வச்சா உங்க பசங்களவிட நான் நல்லா எழுதுவேன்.

— சரி, கெட்டிக்காரிதான். ஆனா அது வேற. அங்க சூரியன் நகர்ந்துது. நிஜமான சூரியன், நிஜமான சுவரு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பகல் முழுக்க நடந்துது. அந்தப் படத்துல இருக்கற தப்புகூட உண்மையான தப்பு. இதுல தப்புகூட பொய்.

— தப்புலகூடப் பொய்த் தப்பு, மெய்த் தப்புன்னு உண்டா? அது சரி. அடுத்தது?

— இந்தப் புருவம். இடது புருவத்தப் பாரு, நடுவுல முடி இல்ல. தழும்பு மாதிரி வழவழன்னு போகுது. நம்ம பையனுக்கு அங்க தழும்பு கிடையாது. முழங்கால்ல உண்டு, சைக்கிள்லேருந்து விழுந்தது. தாடைக்கு அடியில சின்னதா ஒண்ணு உண்டு. புருவத்துல கிடையவே கிடையாது. யாரோ ஒருத்தன் புருவத்த எடுத்து ஒட்டியிருக்கு.

— தாடைக்கு அடியில இருக்கற தழும்பு இதுல இருக்கா?

— தெரியல, தாடி வச்சிருக்கான். வச்சிருக்கற மாதிரி பண்ணியிருக்கு. அந்தத் தாடியையே பாரேன். காதோரத்துல நரை. முப்பத்தொரு வயசுல யாருக்கு நரைக்கும்? அட்டைப் படத்தோட என் படத்தையும் எங்கேயோ பார்த்திருக்கும், கொஞ்சம் நரையை அள்ளித் தெளிச்சிருக்கு.

— கவலை இருந்தா நரைக்கும்.

— மெஷினுக்கு என்ன கவலை?

— மெஷினுக்கு இல்ல. சரி, சொல்லுங்க. இன்னும் பாருங்க.

— கை. மெஷின் எப்பவும் மாட்டிக்கிறது கையிலதான். காபி கப்பை எந்தக் கையில பிடிச்சிருக்கான்? இடது கை. நம்ம பையன் சோத்துக்கை பழக்கம். எழுதறதுலேருந்து பந்து போடறவரைக்கும் வலதுதான். வலது கையப் பாரு, மேஜைக்கு அடியில பாதி மறைஞ்சிருக்கு. ஏன்னா அதுக்கு விரல் வரையத் தெரியல, ஒளிச்சு வச்சிருக்கு. திருட்டுப் பய மெஷின்.

— எவ்வளவு நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.

— எதை?

— சோத்துக்கை, முழங்கால், தாடை, எல்லாம்தான். நான் நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்.

— தொழில்ல கண்ணு பழகிடுச்சு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான். ஆமாமா.

— காதையும் சேர்த்துக்கோ. சுண்டுவுக்குக் காது இப்படித் தலையோட ஒட்டி இருக்காது. கொஞ்சம் வெளியில நிக்கும். வெயில் பின்னாடி அடிச்சா சிவப்பாத் தெரியும்.

— என்ன சொன்னீங்க?

— காது வெளியில நிக்கும்னேன்.

— அதுக்கு முன்னாடி. சுண்டுன்னீங்க.

— சொன்னேனா?

— பதினோரு வருஷம் ஆச்சு இந்த வீட்ல அந்தப் பேரைக் கேட்டு. நான்கூட வாய் விட்டுச் சொல்றதில்ல. குளிக்கறப்ப, தண்ணி சத்தத்துல, யாருக்கும் கேக்காம ஒரு தடவை சொல்லிப்பேன்.

— அழாத. டீ என்னாச்சு?

— அழல. கொண்டாறேன்.

— ஏம்மா… நீ ஏன் இதுக்குப் போனே? நிஜமா கேக்கறேன். பழைய படம் எவ்வளவு இருக்கு நம்மகிட்ட. பெட்டி பெட்டியா இருக்கு.

— பழைய படத்துல அவன் வளரமாட்டேங்கறான். இந்தாங்க, சூடா இருக்கு. நீங்க ஒரு நாள் ஒப்பிச்சது எனக்கு மறக்கவே இல்ல. ஒரு பெரிய தெரு, ஜனம் ஜேஜேன்னு போகுது. வண்டி, குதிரை, கூட்டம், எல்லாம். அந்தக் காலத்துக் கேமரா, நிமிஷக்கணக்கா திறந்து வச்சு எடுக்கறது. படம் கழுவிப் பார்த்தா தெருவே காலி. நடந்து போனவங்க ஒருத்தர்கூட விழல. ஒரே ஒருத்தன் மட்டும் இருக்கான், ஓரமா நின்னு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கக் காலை நீட்டினவன். ஒரு இடத்துல நின்னதால அவன் மட்டும் விழுந்துட்டான்.

— போட்டோவுல விழுந்த முதல் மனுஷன் அவன்தான்னு சொல்வேன். பசங்களுக்குப் பிடிக்கும் அந்தக் கதை.

— எனக்குப் பிடிக்கல. எனக்கு நம்ம வீடுதான் அப்படித் தெரியுது. இதே ஹால்ல எத்தனை பேர் நடந்தாங்க. உங்க பசங்க வருவாங்க, எங்க அக்கா வருவா, இவன் ஓடுவான், பந்து உருளும். இப்ப யாராவது நம்ம வீட்டப் படம் எடுத்தா என்ன விழும்? அந்தச் சோபாவுல நீங்க, அந்த வாசப்படியில நான். அதுவும் தனித்தனிப் படமா விழுவோம்.

— நாம பேசிக்கிட்டுதானே இருக்கோம்.

— நேத்து எண்ணினேன். காலையில ‘பால் வந்துச்சா?’ மத்தியானம் ‘உப்பு கம்மி.’ ராத்திரி ‘ஃபேனைக் குறை.’ இது பேச்சுன்னா, வாசல் மணியும்தான் என்கிட்ட பேசுது.

— எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. காலேஜ்ல ரெண்டு மணி நேரம் பேசறேன். வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டினா வார்த்தையும் கழண்டுடுது.

— இன்னிக்குப் பேசறீங்களே. இவனைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு பேசிட்டீங்க, பாருங்க.

— இவன் இல்ல. இது. இது ஒரு பொம்மை. இன்னொண்ணும் நீ தெரிஞ்சுக்கணும். நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தன் இந்த வேலை பண்ணினான். செத்துப்போனவங்களைப் படம் எடுத்துத் தர்றேன்னு கடை போட்டான். நீ போய் நாற்காலியில உட்காரணும். படம் வரும்போது உன் தோளுக்குப் பின்னாடி புகை மாதிரி உன் புருஷனோ புள்ளையோ நிப்பாங்க. ஒண்ணும் இல்ல, ஒரே தகட்டுல ரெண்டு தடவை எடுக்கறது. பொம்பளைங்க வரிசையில நின்னாங்க. கடைசியில கோர்ட்டுக்குப் போச்சு. எப்படி ஏமாத்தறான்னு விளக்கமா சொன்னாங்க. அப்பவும் சாட்சிக் கூண்டுல ஏறி, ‘இல்ல, அது எங்க ஆளுதான், எனக்குத் தெரியாதா’ன்னாங்க.

— அவங்க மேல உங்களுக்குக் கோவம் வருதா?

— கோவம் இல்ல, பயம். நீயும் அந்த வரிசையில போய் நின்னுட்டியேன்னு இருக்கு. அதுவும் நம்ம பையன் சாகல. எங்கேயோ நல்லாத்தான் இருக்கான்.

— எங்கேன்னு தெரியுமா உங்களுக்கு?

— தெரியாது.

— தேடினீங்களா?

— அவன் போனான். நான் அனுப்பல.

— ‘அந்தப் படம் இல்லேன்னா உன்னை யாருக்குடா தெரியும்?’ அவன் போன அன்னிக்கு இதைச் சொன்னது யாரு?

— அன்னிக்கு நடந்ததே வேற. எனக்குப் பாராட்டு விழா. நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. மேடைக்குப் பக்கத்துல அந்தப் படம், ஆளுயரத்துக்குப் போட்டு வச்சிருக்காங்க. இவன் நடந்து வந்து, எல்லார் முன்னாடியும் அதைத் திருப்பி சுவத்தப் பார்க்க வச்சுட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அதே காலேஜ்ல படிச்சான். நடைபாதையில அந்தப் படம். பசங்க அவனைப் பார்த்தா கையைத் தூக்கிக்கிட்டு அழற மாதிரி காட்டுவாங்க. மூணு தடவை உங்ககிட்ட வந்து கேட்டான், அப்பா, அங்கேருந்து மட்டும் எடுத்துடுங்கன்னு. ‘படம் எடுத்தவனுக்குச் சொந்தம்’னு சட்டம் பேசினீங்க. தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலு.

— சட்டம் அதுதான்.

— சட்டம்தான். பையன் போயிட்டான், சட்டம் வீட்ல இருக்கு. வேளா வேளைக்கு அதுக்கே சோறு போடுங்க.

— நீ அன்னிக்கும் ஒண்ணும் சொல்லல. இப்பப் பேசறே.

— அதுதான் என் பாவம். அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஏன்னா எனக்கு ஒரு விஷயம் தெரியும். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

— என்ன விஷயம்?

— பரிசு வந்தப்புறம் அலமாரியை ஒழிக்கறப்ப அந்த ஃபிலிம் சுருள் கைக்கு வந்துது. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். நீங்கதானே கத்துக்குடுத்தீங்க, நெகட்டிவ எப்படிப் பார்க்கறதுன்னு. அதுல மூணு படம் இருந்துது.

— ஆமா, மூணு.

— முதல் படத்துல அவன் தூரத்துல நின்னு அழறான். ரெண்டாவதுல கிட்டத்துல. ரெண்டுலயும் எங்கேயோ பார்க்கறான். மூணாவதுல உங்களைப் பார்த்துட்டான். கண்ணு நேரா உங்க மேல இருக்கு. ரெண்டு கையையும் தூக்கிட்டான், தூக்கிக்கோன்னு. அப்பவும் நீங்க பட்டனை அமுக்கினீங்க. அந்த மூணாவதுக்குத்தான் பரிசு குடுத்தாங்க. ‘இந்தக் குழந்தை யாரை நோக்கிக் கை நீட்டுகிறது?’ன்னு பத்திரிகையில பக்கம் பக்கமா எழுதினாங்க. உங்களைத்தாங்க நீட்டினான்.

— டீ ஆறிடுச்சு.

— ஆறட்டும்.

— நான் இதை எந்தக் கிளாஸ்லயும் சொன்னதில்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல. அவனைக் காணோம்னு முக்கால் மணி நேரம் ஓடினேன். எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் அதுல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களோன்னு இருந்துது. அப்புறம் தூணுக்குப் பக்கத்துல பார்த்தேன். அங்க மேல கூரை ஒரு இடத்துல உடைஞ்சிருந்துது. அது வழியா வெயில் சரியா அவன் மேல மட்டும் விழுந்துது. சுத்தி எல்லாம் இருட்டு. கை தன்னால கேமராவுக்குப் போயிடுச்சு.

— கிடைச்சுட்டான்னு நிம்மதியில எடுத்தேன்னு சொல்லுங்க. நான் நம்பிக்கறேன்.

— இல்ல. பொய் சொல்ல முடியல. அந்த நேரத்துல எனக்கு அவன் பையனாவே தெரியல. வெளிச்சம் நல்லா இருந்துது, அது மட்டும்தான் தெரிஞ்சுது. கையைத் தூக்கினான். கையைத் தூக்கினதும் படம் இன்னும் நல்லா ஆயிடுச்சேன்னுதான் தோணிச்சு. அமுக்கினப்புறம்தான் ஓடினேன்.

— ம்.

— ஒரு செகண்ட்தான். நூறு தடவை கணக்குப் போட்டிருக்கேன், ஒரு செகண்டுக்கு மேல இருக்காது. ஆனா அவன் என் தோள்ல ஏறினதும் கேட்டான், ‘ஏம்ப்பா வரல?’ன்னு. ஆறு வயசுக் குழந்தை. வந்துட்டேனேடான்னேன். ‘இல்ல, பார்த்துட்டு வரல’ன்னான்.

— இது எனக்குத் தெரியாது.

— எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த மேடையில அவன் படத்தத் திருப்பினப்ப எனக்கு அதான் காதுல கேட்டுது. அதனாலதான் அவ்வளவு கோவம் வந்துது. நூறு பேருக்கும் அது கேட்டுடுமோன்னு.

— இவ்வளவு வருஷமா இதைத் தனியா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களா?

— நீ தண்ணி சத்தத்துல பேரச் சொன்னே. நான் இருட்டறையில சிவப்பு விளக்கு போட்டுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். கழுவறதுக்கு ஒண்ணும் இருக்காது. உள்ள யாரோ வேலை செய்யறாங்கன்னு வெளியில யாரும் கதவைத் தட்டமாட்டாங்க.

— நான் ஒரு தடவை சாப்பாடு எடுத்துட்டு வந்து, சிவப்பு விளக்கு எரியுதுன்னு திரும்பிப் போனேன்.

— தெரியும். காலடிச் சத்தம் கேட்டுது.

— தட்டியிருக்கணும் நான். ஒரு நெகட்டிவ் கெட்டாக் கெட்டுப்போகுதுன்னு தட்டியிருக்கணும்.

— விடு. அந்தக் காலத்துல முகத்த அசைக்கக் கூடாதுன்னு ஸ்டூடியோவுல தலைக்குப் பின்னாடி இரும்புக் கவட்டை வச்சுப் பிடிச்சுக்குவாங்க. அசைஞ்சா படம் கலைஞ்சுடும். எனக்கு அன்னிலேருந்து அதை மாட்டின மாதிரியேதான் இருக்கு. அசையாம இருந்தே பழகிடுச்சு.

— நாளைக்கு இதையெல்லாம் சொல்வீங்களா?

— ‘நேற்று’க்கு இருபது பக்கம் எழுதிட்டேன். ‘இன்று’ எட்டு பக்கம். ‘நாளை’ன்னு தலைப்பு மட்டும் போட்டு வச்சிருக்கேன், கீழ வெள்ளைப் பேப்பர். பசங்க அதைத்தான் கேப்பாங்க. இனிமே வெளிச்சமே வேண்டாம், கேமரா வேண்டாம், ஆளு வேண்டாம், கேட்டா படம் வந்துடும். இதோ, உன் கையிலயே வந்துடுச்சே. அப்ப நாங்க எதுக்கு சார் படிச்சோம்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?

— எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?

— சொல்லு. பரிட்சையில என் பசங்களவிட நல்லா எழுதறவளாச்சே.

— இவ்வளவு நாள் போட்டோவப் பார்த்து நம்பினோம். இனிமே அது நடக்காது. எடுத்தது யாருன்னு கேட்டு, அந்த ஆளை நம்பினாத்தான் படத்த நம்புவாங்க. கடன் குடுக்கற மாதிரி, சாட்சி சொல்ற மாதிரி. ‘நான் அங்க இருந்தேன், நான் பார்த்தேன்’னு ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லணும்.

— அட, இது நல்லா இருக்கே. இரு, எழுதிக்கறேன். பேனா எங்க?

— காதுல சொருகியிருக்கீங்க. அப்புறம் எழுதலாம். முதல்ல அந்த ஆணி விஷயத்துக்கு ஒரு முடிவு சொல்லுங்க.

— நீ விடமாட்டே.

— மாட்டேன்.

— சரி. கழட்டிடலாம். ஸ்டூலைப் பிடிச்சுக்கோ, அதுக்கு ஒரு கால் ஆடுது.

— நிஜமாவா?

— இருபத்தஞ்சு வருஷமா அந்தப் புள்ள கையைத் தூக்கிக்கிட்டே நிக்கறான். வலிக்கும். இறக்கிடலாம். காலேஜ்லேருந்தும் நாளைக்கே எடுத்துடச் சொல்றேன். இந்தா, பிடி. மெதுவா. பின்னாடியெல்லாம் ஒட்டடை.

— குடுங்க, நான் வாங்கிக்கறேன். இப்ப இதை மாட்டுங்க. நீங்களே உங்க கையால மாட்டுங்க.

— மாட்டறேன். உனக்கு ஆறுதலா இருக்கும்னா இருந்துட்டுப் போகட்டும். நேரா இருக்கா?

— இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க. ம், சரி.

— ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், மனசுல வச்சுக்கோ. இது அவன் இல்ல. இந்தச் சிரிப்புதான் எல்லாத்தையும்விடப் பெரிய பொய். எனக்குத் தெரிஞ்சு ஆறு வயசுக்கு அப்புறம் அவன் எந்தக் கேமராவுக்கு முன்னாடியும் சிரிச்சதே இல்ல. இப்படி ஒருத்தன் எங்கயும் இல்ல, எங்கயும் உட்காரல. இந்த மூஞ்சி மேல வெளிச்சம் பட்டதே இல்ல.

— பட்டுது.

— என்னது?

— ஸ்டூலை விட்டு இறங்குங்க முதல்ல. உட்காருங்க. போன செவ்வாய்க்கிழமை அக்காவைப் பார்க்கப் போறேன்னு போனேன் இல்ல? அக்காகிட்ட போகல. நீங்க தேடல, நான் தேடினேன்; அவன் இருக்கற ஊருக்கு நாலு மணி நேரம் பஸ்ல போனேன்.

— என்ன சொல்றே நீ?

— ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் கதவு. கதவைத் திறந்து வச்சுட்டு நான் நடுவுல நின்னேன். அதான் கண்ணுல ரெண்டு வெளிச்சம். பிரிண்டிங் பிரஸ்ல வேலை செய்யறான். மூணு வருஷத்துக்கு முன்னாடி மெஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் மடங்காது. அன்னிக்கே விழுந்ததுல புருவம் கிழிஞ்சுது, ஆறு தையல். நரை தானா வந்தது.

— இல்ல. இரு. அந்தக் காது…

— தலைமுடி வளர்த்துக் காதை அமுக்கிப் பாதி மூடியிருக்கான். விலக்கிப் பார்த்தேன். இன்னும் வெளியிலதான் நிக்குது.

— நீ எடுத்தியா? நீதான் எடுத்தியா?

— நான்தான் எடுத்தேன். நான் அங்க இருந்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரிச்சான்.

— அப்புறம் ஏன் என்கிட்ட… மெஷின்னு ஏன் பொய் சொன்னே? பையனோட மூஞ்சியக் கையில குடுத்துட்டு, ஏம்மா அப்படிச் சொன்னே?

— அவன்தாங்க சொல்லி அனுப்பினான். ‘என் படம்னு குடுத்தா அப்பா திரும்பிக்குவாரும்மா, மெஷின் பண்ணினதுன்னு சொல்லு, தப்பு கண்டுபிடிக்கறதுக்காவது கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பாரு’ன்னு.